வளர்ந்துவிடும்

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பழைய மாணவி ஒருத்தி இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனாள். வருஷம் முக்கால்வாசி போன பிறகு டைரி கொடுக்கிறவளை என்ன சொல்வது? பள்ளியிலும் எல்லாவற்றையும் கடைசியில்தான் கொண்டுவந்து நீட்டுவாள். வீணாகக் கூடாதே என்று எழுதுகிறேன்.

காலையில் இழப்பு மீட்டல் பாடம். பல்லிக்கு வால் முளைக்கும், நட்சத்திர மீனுக்குக் கை முளைக்கும், பிளனேரியாவைத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் புழுவாகும். "நமக்கு ஏன் மிஸ் எதுவும் வளர மாட்டேங்குது?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். நமக்கும் கல்லீரல் வளரும், பாதியை வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும் என்றேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக விலங்கியல் நடத்துகிறேன், இந்த இடத்தில் மட்டும் ஒருத்தியும் தூங்குவதில்லை.

சாயங்காலம் கோவில்பட்டி வெயிலில் வெந்து வீட்டுக்கு வந்தால் கூடமெல்லாம் ரத்தம். இவர் வாந்தி எடுத்திருக்கிறார். செண்பகம் குந்தி உட்கார்ந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி இவருடைய ஒரே தங்கை. செவ்வாய் தோஷம் என்று முப்பத்தாறு வயது வரை எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். இப்போதுதான் ஒரு வரன் கூடி, தையில் கல்யாணம் என்று முடிவாகியிருக்கிறது. நேரம் பார்த்து இவர் ரத்தம் கக்குகிறார்.

செப்டம்பர் 9

மதுரை ஆஸ்பத்திரி. ஈரல் சுருங்கிக் கட்டி தட்டிப்போய்விட்டது, இனி மருந்தால் ஆகாது, மாற்றித்தான் வைக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். எவ்வளவு காலமாகக் குடிக்கிறார் என்று என்னைக் கேட்டார். குடிக்காத நாளைக் கேட்டிருந்தால் சீக்கிரம் சொல்லியிருப்பேன். நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் பாதி ஈரலைத் தந்தால் போதும், தந்தவருக்குச் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்றார். அதை எனக்கு விளக்க ஒரு படமும் வரைந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

காரில் வரும்போது, "எனக்கு யாரும் எதுவும் தர வேண்டாம், செத்துப் போறேன்" என்று இவர் திருமங்கலம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். சாத்தூர் வந்ததும், "யாரு தருவா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 11

சட்டப்படி மனைவி தரலாம், கூடப்பிறந்தவர் தரலாம், பெற்றவர்கள் தரலாம், பதினெட்டு முடிந்த பிள்ளைகள் தரலாம். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் மகள் தர்ஷினிக்கு இப்போதுதான் பதினேழு. மிச்சம் நானும் செண்பகமும்.

இவருக்கு பி பாசிட்டிவ். செண்பகத்துக்கும் அதுவே. நான் ஓ பாசிட்டிவ். ஓ வகை யாருக்கும் தரலாம் என்று வருஷா வருஷம் நானே கரும்பலகையில் எழுதுகிறேன். சாப்பிடும்போது தர்ஷினி அதை எடுத்துச் சொன்னாள். படித்ததைப் பரீட்சையில் எழுதினால் போதும்.

"நான் தாரேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு மனைவி சொல்ல வேண்டியது அதுதான். செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

செப்டம்பர் 26

போன வாரம் முழுக்க எனக்கு ரத்தம், ஸ்கேன், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இன்று கோஆர்டினேட்டர் மெர்சி என்னைத் தனியறையில் உட்கார வைத்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். கொடுக்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

"டெஸ்ட் எல்லாம் நல்லாருக்கு மேடம், நீங்க கொடுக்கலாம். ஆனா உங்க மனசு எப்படியிருக்குன்னு தனியாக் கேக்கணும். எல்லார்கிட்டயும் கேப்போம். விருப்பம் இல்லைன்னா இங்கயே சொல்லிருங்க. உடம்பு ஒத்துவரலைன்னு நாங்களே வீட்டுக்குச் சொல்லிருவோம். நிஜக் காரணம் இந்த ரூமைத் தாண்டாது."

"கொடுத்தவங்க யாரும் செத்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ரொம்ப ரொம்பக் குறைவு மேடம். ஆனா இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் பாதிகூட முடியவில்லை. தர்ஷினிக்கும் இந்த வருஷம்தான் பொதுத்தேர்வு. குடும்பத்தில் ஒருத்தர் படுத்தால் ஒருத்தர் நிற்க வேண்டும். இதையெல்லாம் யோசிப்பதற்கு இந்த வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

எனக்குக் கொழுப்பு ஈரல், சரிப்படாது என்று வெளியே வந்து மெர்சி சொன்னாள். இவர் என் தலையைத் தடவி, "நீ மனசால குடுத்துட்டட்டி" என்றார். அது உண்மைதான். மனசால் கொடுத்துவிட்டேன்.

செண்பகம் நீட்டிய டம்ளரிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. அடுத்தது யார் என்று கணக்குப் போட அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 4

மாப்பிள்ளை ஐயாத்துரை வந்திருந்தார். அம்பாசமுத்திரத்தில் மின்வாரியத்தில் வேலை. முதல் மனைவி இறந்து ஆறேழு வருஷமாகிறது, பிள்ளையில்லை. இவரைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்தார். இவரை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

நான் ஆறிய காபியைக் குடிக்கும் நேரத்தில் செண்பகம் நாலு தடவை சிரித்தாள். முப்பத்தாறு வயதில் இவ்வளவு சிரிப்பு ஆகாது.

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்காகச் சொல்லவில்லை.

அக்டோபர் 8

இன்று செண்பகத்திடம் ஈரல் பேச்சை எடுக்கவில்லை. இவருடைய வீங்கிய காலைப் பிடித்துவிடச் சொன்னேன். விரல் வைத்து அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

அக்டோபர் 13

சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று பேச்சை எடுத்தேன்.

"தையில கல்யாணத்த வச்சிக்கிட்டு வயித்தக் கீறுனா அவுக வீட்டுல என்ன சொல்லுவாவ மதினி?"

"அண்ணனுக்கு உசிரக் குடுத்தவன்னு கும்பிடுவாவ. ரெண்டு மாசந்தான், வளந்துரும்."

"எனக்குப் பயமா இருக்கு மதினி."

"தர்ஷினிக்கு டைபாய்டு வந்தப்போ திருச்செந்தூர்ல முடி குடுத்தியே, வளரலையா? உங்க அம்மா படுத்தப்போ குடுத்தே. அதுவும் வளந்துச்சுல்லா?"

"முடியும் ஈரலும் ஒண்ணா மதினி?"

"டீச்சர் நீயா நானா?"

கஞ்சித் தண்ணீர் கையில் பட்டு விரல் சிவந்துபோனது. நான்தான் மருந்து தடவினேன். எனக்கு அவள்மேல் பாசம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. நான் கல்யாணமாகி வந்தபோது பதினான்கு வயதுக் குட்டி, என் பின்னாலேயே திரிவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். தர்ஷினி பிறந்து நான் வேலைக்குத் திரும்பியபோது பிள்ளையைப் பார்க்க அவள் இருந்தது எவ்வளவு வசதி!

அக்டோபர் 20

தீபாவளி. சித்தப்பா குடும்பம், பெரியத்தை வீட்டார் என்று எல்லாரும் இவரைப் பார்க்க வந்து கூடம் நிறைந்திருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவாள். என் கழுத்தில் போட்டது செண்பகம். எல்லார் முன்னாலும் தாலியை வெளியே எடுத்து அவள் கைக்குள் வைத்து மூடினேன்.

"கடைசி முடிச்சு நீ போட்டதுட்டி. இது இருக்கணுமா அவுக்கணுமான்னு நீயே சொல்லு."

பெரியத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனாலும் காது இந்தப் பக்கம்தான். எல்லாரும் செண்பகத்தையே பார்த்தார்கள்.

"தாரேன் மதினி. கைய எடுங்க, எனக்கு மேலெல்லாம் நடுங்குது" என்றாள்.

எனக்கும் கண்ணீர் வந்தது. வரவழைத்ததில்லை, தானாகவே வந்தது. எல்லாரும் இனிப்பு எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் போன பிறகு தர்ஷினி, "உன் தாலி தங்கச் செயின்லல்லாம்மா இருக்கு, முடிச்சு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு வாய் நீளம். அவள் அப்பா வழி.

அக்டோபர் 21

தலைவலி. இனிப்பு அதிகம்.

நவம்பர் 6

செண்பகத்தின் சோதனைகள் எல்லாம் முடிந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது. இன்று மெர்சி அவளைத் தனியே கூப்பிடுகிற நாள். போகும்போது காரில் அவளைத் தயார்படுத்தினேன். வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிற மாதிரிதான்.

"தனியா உக்கார வச்சி பயமா இருக்கான்னு கேப்பா. இல்லைன்னு சொல்லணும். யாரும் கட்டாயப்படுத்துனாகளான்னு கேப்பா. இல்ல, முழுச் சம்மதம்னு சொல்லணும். தடுமாறுனேன்னு வையி, உன் பேர அடிச்சிருவாவ. அண்ணன் கத அதோட முடிஞ்சிது."

"பயமா இருந்தா பயம்னு சொல்லக் கூடாதா மதினி?"

"சொல்லலாம். சொல்லிட்டு அண்ணனத் தூக்கிட்டுப் போகப் பாடைக்கும் நீயே சொல்லி விட்டுரு."

விருதுநகர் தாண்டும் வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அறைக்குள் வெகுநேரம் இருந்தாள். பிறகு மெர்சி என்னிடம் வந்து நின்றாள். "எதக் கேட்டாலும் முழுச் சம்மதம்னு ஒரே வார்த்தையச் சொல்றாங்க. ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டேன். நீங்க ஏதும் சொல்லிக் குடுத்தீங்களா மேடம்?"

"அவ எட்டாங்கிளாஸ். அவ்வளவுதான் பேசத் தெரியும்" என்றேன்.

மெர்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அந்த அறையில் சொன்னதை அவள் வெளியில் சொல்ல முடியாது. அது அவர்களுடைய விதி. நல்ல விதி.

நவம்பர் 10

ஐயாத்துரையிடம் நானே போனில் சொன்னேன். ஆபரேஷன் என்றதும் விலகிக்கொள்வார் என்று நினைத்தேன். "அப்ப தை வேண்டாம் மதினி, வைகாசியில வச்சிக்கலாம். உடம்பு தேறட்டும். நான் இருக்கேன்" என்றார். என்னை மதினி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 24

காலையில் இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோனார்கள். இருட்டிய பிறகுதான் டாக்டர் வந்தார். இரண்டு பேருமே நலம். "அந்தம்மா ஈரலப் பாத்து நாங்களே ஆச்சரியப்பட்டோம், பச்சைப் பிள்ளை ஈரல் மாதிரி" என்றார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, வெளிச்சாப்பாடு கிடையாது, ஆசைப்பட்டு எதையும் தின்றது கிடையாது. நம் வீட்டு வளர்ப்பு என்று சொன்னேன்.

டிசம்பர் 5

செண்பகத்தை அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, வயிறு வலித்தாலோ உடனே வர வேண்டுமாம். இல்லாவிட்டாலும் பத்து நாளில் காட்ட வேண்டுமாம். இதை மெர்சி என்னிடம் சொல்லிவிட்டு அவளிடமும் சொன்னாள். பிறகு மறுபடி என்னிடம் சொன்னாள். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

டிசம்பர் 11

இவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணில் இருந்த மஞ்சள் போய் முகத்தில் ஒரு களை. கல்யாணத்தன்று இருந்த முகம். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. செண்பகம் அடுப்படிக்குள் மெல்ல நடமாட ஆரம்பித்திருக்கிறாள். சும்மா கிடந்தால் உடம்பு கட்டிப்போகும் என்று நானே சொன்னேன். குனிய முடியவில்லை என்கிறாள். குனியாமல் செய்கிற வேலையே எவ்வளவோ இருக்கிறது.

டிசம்பர் 15

மதுரைக்கு இவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். செண்பகத்தையும் காட்ட வேண்டிய நாள்தான். இவர் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்து வர வேண்டும், முன்னால் நான். இடமில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 18

செண்பகத்துக்கு லேசாகக் காய்ச்சல். வலது தோள்பட்டை வலிக்கிறது என்கிறாள். வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளில். கண்ணில் கொஞ்சம் மஞ்சள் தெரிகிறது. கொல்லையில் கீழாநெல்லி செழித்துக் கிடக்கிறது. அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் மஞ்சளுக்கு அதை விட்டால் மருந்து உண்டா? உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் வைத்திருக்கிறேன். "ஒண்ணுமில்ல மதினி, சரியாப் போயிரும்" என்று அவளே சொன்னாள்.

சாயங்காலம் ஐயாத்துரை போன் செய்தார். செண்பகத்தின் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, போனை என்னிடம் தரச் சொன்னார். "நான் கார் எடுத்துட்டு வாரேன் மதினி, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார்.

"கழுத்துல தாலி ஏறாத பிள்ளைய உங்ககூட எப்படி அனுப்ப? ஊரு என்ன சொல்லும்?" என்றேன்.

போனை வைத்துவிட்டார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

டிசம்பர் 22

மதுரை. இவருக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. "டோனர் எப்படி இருக்காங்க? ஏன் இன்னும் கூட்டிட்டு வரல?" என்று மெர்சி கேட்டாள். "நல்லாருக்கா. எந்திரிச்சு சமைக்கிறா" என்றேன். காலையில்கூட இட்லி ஊற்றினாள். பொய்யில்லை.

இட்லிப் பானையை இறக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இன்னொரு வேளை கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும்.

டிசம்பர் 23

மத்தியானம் செண்பகம் அடுப்படியில் விழுந்துவிட்டாள். தர்ஷினிதான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள். என்னைக் கேட்கவே இல்லை.

டிசம்பர் 25

செண்பகம் போய்விட்டாள்.

டிசம்பர் 27

எழுதத்தான் வேண்டும். உள்ளே பித்தநீர் கசிந்து, சீழ் வைத்து, ரத்தமெல்லாம் கெட்டுவிட்டதாம். சின்னக் குழாய் ஒன்று போட்டு எடுத்திருக்கலாம், ஒரு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள் என்றார் டாக்டர். "மூணு நாள் முன்னாடி இங்கதானம்மா வந்திருந்தீங்க?" என்று கேட்டார். மெர்சி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். வேலை பார்க்கிற இடத்தில் அப்படி அழக் கூடாது.

இவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தையல் பிரிந்துவிடக் கூடாது.

ஐயாத்துரை தெருமுனையில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. வந்து எந்த வரிசையில் நிற்பார்? எண்ணெய் வைக்கவும் உரிமையில்லை, வாய்க்கரிசி போடவும் உரிமையில்லை. தூக்கிக்கொண்டு போனபோது கூட்டத்துக்குப் பின்னால் நடந்து போனார்.

கன்னி கழியாமல் போனவள் என்பதால் பெரியத்தை ஒரு புதுப்புடவை போர்த்தச் சொன்னாள். கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்ததையே போர்த்தினோம்.

ஜனவரி 3

செண்பகத்தின் போனில் 'சாப்பிட்டியா' என்று செய்தி வந்திருக்கிறது. ஐயாத்துரைதான். இறந்தவளுக்கு அனுப்புகிறார். போனை அணைத்து பீரோவில் வைத்தேன்.

ஜனவரி 9

பதினாறாம் நாள் சடங்கு. வந்தவர்கள் எல்லாரும் இவர் உடம்பு தேறியிருப்பதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். சாம்பாரில் உப்பில்லை. சமையலுக்கு வந்தவளைச் சொல்லி என்ன, பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை.

ஜனவரி 22

ஸ்கேன். செண்பகம் கொடுத்தது இவருக்குள் ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிட்டதாம். டாக்டர் திரையைக் காட்டினார். நன்றாக, பளபளவென்று இருக்கிறது. இவர் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தேன். பாடம் நடத்துகிறவள் பார்க்காமல் இருப்பேனா? புத்தகத்தில் இவ்வளவு தெளிவான படம் கிடையாது.

பிப்ரவரி 11

சமையலுக்கு மாரியம்மாள் என்று ஒருத்தி கிடைத்துவிட்டாள். செண்பகத்தின் ஸ்டூலிலேயே உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். ரசம் பரவாயில்லை.

டிவி நாடகத்தில் இன்று கதாநாயகியை மாற்றிவிட்டார்கள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி ஓடியது, புது முகம் வந்து பழைய இடத்தில் நின்று பழைய அழுகையைத் தொடர்ந்தது. நாடகத்து வீட்டில் இருக்கிறவர்களும் ஒன்றும் கேட்காமல் அவளைப் பழைய பேரில் கூப்பிட்டார்கள். வெட்டியது முளைக்கிறது என்றால் இதுதான். ரெண்டு நாள் உறுத்தும், மூன்றாம் நாள் பழகிவிடும். மாரியம்மாளை நானே இன்று இரண்டு தடவை செண்பகம் என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 16

தர்ஷினிக்கு இன்று உயிரியல் தேர்வு. இழப்பு மீட்டல் ஐந்து மதிப்பெண்ணில் வந்திருந்ததாம். "எழுதலம்மா. தெரியும், எழுதல" என்றாள். ஐந்து மதிப்பெண்ணை யாராவது விடுவார்களா? அவளோடு பேசிப் பயனில்லை. செண்பகம் போனதிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே திரிகிறாள். போன வாரம், "உனக்கு நிஜமாவே கொழுப்பு ஈரலாம்மா?" என்று கேட்டாள். "டாக்டரே சொன்னது" என்றேன்.

ஏப்ரல் 19

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாட்டில்.

கீழே வந்து இவர் சட்டையைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன். குழந்தை மாதிரி அழுகிறார். "செண்பகம் நெனப்பு வருதுட்டி. தாங்க முடியல. அவ நெனப்புலதான் குடிச்சேன்."

அவள் நினைப்பில், அவள் ஈரலிலேயே ஊற்றிக்கொள்கிறார். இதற்கா அவளை அப்படிப் படுத்தினேன் என்று ஒரு கணம் தோன்றியது. எழுதிய பிறகு பார்த்தால் சரியாகப்படவில்லை. படுத்தினேன் என்றில்லை, எடுத்துச் சொன்னேன்.

பாட்டிலைப் பழைய செய்தித்தாளில் சுற்றி ரயில்வே கேட் தாண்டிப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஏப்ரல் 30

மறுபடியும்.

மே 8

மறுபடியும். மாரியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஏலக்காய் டப்பா காலி.

மே 21

மதுரை. ரத்தத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது. டாக்டர் இவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கத்தினார். "ஒரு பொண்ணு செத்துப் போயிருக்கும்மா! அது குடுத்தத இவரு ஒரு வருஷம்கூட வச்சிக்க மாட்டாரு போலிருக்கு. இதுவும் போயிட்டா அடுத்தது யாரு தருவா? சொல்லுங்க, யாரு தருவா?"

திட்டுகிறவரிடம் என்ன பேசுவது? மெர்சி வேலையை விட்டுப் போய்விட்டாளாம். அவள் இடத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எதுவும் தெரியாதவன், என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னான்.

வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். டாக்டர் கோபத்தில் கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். எனக்கு இன்னும் பதின்மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

மே 29

தர்ஷினிக்குக் கோயம்புத்தூரில் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பெட்டியைக்கூடத் தூசி தட்டி வைத்துவிட்டாள்.

வேண்டாம் என்றேன். கோவில்பட்டியிலேயே கல்லூரி இல்லையா? அப்பா இருக்கிற நிலையில் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாமா? கத்தினாள், கதவைச் சாத்தினாள், ராத்திரி சாப்பிடவில்லை. இவரிடம் போய் அழுதாள். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். வாயில் ஏலக்காய் மணந்தது.

ஜூன் 7

உள்ளூர்க் கல்லூரியில் பணம் கட்டியாகிவிட்டது. அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டதால் தர்ஷினிக்கு முழுச் சோதனையும் எடுத்தேன். பி பாசிட்டிவ், அவள் அப்பாவைப் போலவே. ரத்தம் கொஞ்சம் குறைவு, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, தினம் இரண்டு முட்டை. கடைத் தீனி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தெரு முக்கில் பரோட்டா சாப்பிடுகிறாள் என்று மாரியம்மாள் சொன்னாள். அதையும் நிறுத்த வேண்டும்.

ஜூன் 14

ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்கினேன். இவருக்கும் எனக்கும் பொரித்து, தர்ஷினிக்கு மட்டும் எண்ணெயில்லாமல் ஆவியில் வேகவைக்கச் சொன்னேன்.

தட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?" என்று கேட்டாள்.

"கொழுப்பு சேரக் கூடாதும்மா."

"எங்க சேரக் கூடாது?"

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து முள்ளெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் தொங்குகிற நாள்காட்டியை வெகுநேரம் பார்த்தாள். ஆவணியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. படிக்கிற பிள்ளை, விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"சாப்பிடு" என்றேன்.

தட்டில் இருந்ததெல்லாம் தீரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.